தடைசெய்யப்பட்ட ஒன்பது தவறுகள்

மருந்துக்கடைக்காரரை அந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'சீட்டு' என்றுதான் சொல்வார்கள். தலைவலி என்று போய் நின்றால்கூட "டாக்டர் சீட்டு இருக்கா?" என்று கேட்பவர் அவர். சொந்த மாமியார் இருமிக்கொண்டே வந்து நின்றபோதும் அதையேதான் கேட்டார். அதற்குப் பிறகு அந்த மாமியார் மருமகன் முன்னால் இருமுவதையே விட்டுவிட்டார். ஒரு விதியை எழுதிவைத்திருக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கும், காரணம் புரியவில்லை என்றால் நமக்கு அறிவு போதவில்லை என்று அர்த்தம் என்பது சீட்டின் கொள்கை. இந்தக் கொள்கையோடு இருபத்தாறு வருடம் நிம்மதியாகக் கடை நடத்தினார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மருந்து ஆய்வாளர் வந்தார். அவருக்குச் சீட்டின் மேல் எந்தச் சந்தேகமும் இல்லை. மாதத்துக்கு நாலு மாதிரி எடுத்து அனுப்பவேண்டும் என்று உத்தரவு, மாதக்கடைசி ஆகியும் மூன்றுதான் சேர்ந்திருந்தது, அவ்வளவுதான். மேல்தட்டிலிருந்து கர்ப்பிணிகள் சாப்பிடும் இரும்புச்சத்து மாத்திரையில் பத்தை எண்ணி எடுத்தார். செங்கல் நிறத்தில் இருக்குமே, அது. ஒரு பாலித்தீன் கவரில் போட்டு, வாயை ஒட்டி, நாலு மூலையிலும் அரக்கு முத்திரை வைத்து, "சும்மா ஒரு சம்பிரதாயம்தாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்து வாரம் கழித்துச் சம்பிரதாயத்திடமிருந்து பதில் வந்தது. தேசியப் பொருளறி நிலையத்தின் கெட்டித் தாளில் மூன்றே வரி. "மாதிரி ராமன் கருவியால் ஆராயப்பட்டது. முழுவதும் பாலித்தீன், மருந்து காணப்படவில்லை. வழக்கம்போல் எங்குமியம் சிறிதளவு உள்ளது."

மறுநாளே ஆய்வாளர் வந்து கடைக்குப் பூட்டுப் போட்டு முத்திரை வைத்தார். பிளாஸ்டிக் மாத்திரை விற்றவர் என்று சாயங்காலத்துக்குள் தெருவெல்லாம் பரவிவிட்டது. "சீட்டோட சீட்டே கிழிஞ்சுபோச்சு" என்று எதிர்ச்சாரித் தையற்காரர் சொல்ல, தெரு சிரித்தது.

சீட்டுக்கு அந்தச் சிரிப்பு உறைக்கவில்லை. அவருடைய மகளுக்கு அப்போது ஆறாவது மாதம். ரத்தம் குறைவு என்று டாக்டர் எழுதிக்கொடுத்த அதே மாத்திரையை, அதே கடையிலிருந்து, சீட்டுக் காட்டித்தான் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அன்று இரண்டு பேருந்து மாறி வீட்டுக்கு வந்து, மாத்திரை டப்பாவை மேஜைமேல் வைத்தாள்.

"அத்தை என்னைப் பாத்து, உங்கப்பா பிளாஸ்டிக்கையா குடுத்தனுப்பினாருன்னு கேக்கறாங்கப்பா. வேற கடையில விசாரிச்சேன். அங்கயும் இதே கம்பெனிதான். அவங்களும் பயந்துகிட்டு விக்கமாட்டேங்கறாங்க. இத நான் சாப்பிடறதா, வேண்டாமா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

சீட்டு டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இருபத்தாறு வருடம் தன் கையால் எண்ணிக் கொடுத்த மாத்திரை ஒரு பக்கம். கெட்டித் தாளில் அச்சடித்து முத்திரை குத்திய நிலையம் மறுபக்கம். இரண்டையும் நம்பியே பழகிய மனிதர்.

"ஏங்க, பெத்த பொண்ணு கேக்குது. அதுக்குமா சீட்டு வேணும்?" என்றாள் மனைவி.

"போய்க் கேட்டுட்டு வந்துடறேன்" என்றார் சீட்டு. "பெரிய நிலையம். விளக்கம் சொல்லாமயா இருப்பாங்க."

*

வாயில்காவலர் பெரிய பதிவேடு ஒன்றைத் திருப்பிவைத்து, யாரைப் பார்க்கவேண்டும் என்று கேட்டார். ராமன் கருவி சம்பந்தமாக என்றார் சீட்டு. காவலர் 'சந்திக்கவேண்டியவர்' என்ற இடத்தில் ராமன் என்று எழுதிக்கொண்டு, "அவரு உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டார். அது ஆள் இல்லை, இயந்திரம் என்று சீட்டு பொறுமையாக விளக்கினார். காவலர் அதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, உறவு என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினார். பிறகு, உறவு இல்லாதவர்களுக்குப் புதன்கிழமைதான் அனுமதி என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

புதன்கிழமை துணை இயக்குநர் அவரை எழுந்து நின்று வரவேற்றார்.

"மேல்முறையீடா? சந்தோஷம். எங்க நிலையம் மேல்முறையீட்ட ரொம்ப மதிக்குது. இதுவரைக்கும் நூத்திநாப்பது வந்திருக்கு. ஒண்ணுகூட ஜெயிச்சதில்ல. எங்க துல்லியத்துக்கு இதவிட என்ன அத்தாட்சி வேணும், சொல்லுங்க?"

சீட்டுக்கு அது நியாயமாகவே பட்டது. மாதிரியின் சொந்தக்காரர் மறுசோதனையை நேரில் பார்க்கலாம் என்று விதி இருந்தது. 'மாதிரி உரிமையாளர்' என்ற அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு உள்ளே போனார்.

கருவி அறையில் ஒரு பெண்மணி இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தார். நிலையத்தில் அவரை 'மிஷின் அம்மா' என்பார்கள். அங்கே முந்நூறு பேர் வேலை பார்த்தார்கள், கருவியைத் தொடுபவர் அவர் ஒருவர்தான். மீதிப்பேர் அவர் தொட்டதைச் சரிபார்ப்பவர்கள்.

மிஷின் அம்மா அரக்கு முத்திரை வைத்த கவரை அப்படியே தட்டில் வைத்தார். பொத்தானை அழுத்தினார். பச்சை வெளிச்சம் புள்ளியாக விழுந்தது. திரையில் கோடு ஒன்று மேடும் பள்ளமுமாக ஓடியது.

"பாலித்தீன்" என்றார்.

"எப்படிம்மா தெரியுது?"

அந்த அறைக்கு வந்து எப்படித் தெரிகிறது என்று யாரும் கேட்டதில்லை. மிஷின் அம்மா கண்ணாடியை இறக்கி அவரை ஒருமுறை பார்த்தார்.

"ஒரே நிறத்து வெளிச்சத்த ஒரு பொருள்மேல விடறோம். பட்டுத் திரும்பற வெளிச்சத்துல கோடியில ஒரு துளி மட்டும் நிறம் கொஞ்சம் மாறித் திரும்பும். எவ்வளவு மாறுதுங்கறது பொருளுக்குப் பொருள் வேற. குரல வச்சு ஆள் சொல்றோமில்ல, அந்த மாதிரி. ஆனா ஒண்ணு. வாசல்ல யாரு நிக்கறாங்களோ அவங்க குரல்தான் முதல்ல கேக்கும்."

சீட்டு கவரைப் பார்த்தார். "அப்ப இது கவரோட குரலா?"

மிஷின் அம்மா கதவைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"பிரிச்சுப் பாக்கலாமே?"

"விதி பதினாலு. முத்திரையைப் பணியாளர் யாரும் உடைக்கக்கூடாது."

"அப்ப கவருக்கு உள்ள இருக்கறத எப்படித்தான் பாக்கறது?"

"வெளிச்சப் புள்ளிய ரெண்டு மில்லிமீட்டர் கீழ இறக்கினா கவரைத் தாண்டி மாத்திரைல விழும். அதுக்குத்தான் இந்தக் குமிழ்." அவர் காட்டிய குமிழில் கட்டைவிரல் பருமனுக்கு அரக்கு உறைந்திருந்தது. "தணிக்கைக்கு வந்தவங்க, ஒவ்வொரு நாளும் குமிழ் ஒவ்வொரு இடத்துல இருக்கறதப் பாத்துட்டு முறைகேடுன்னு எழுதிட்டாங்க. எல்லாக் குடிமக்களோட மாதிரியையும் ஒரே உயரத்துல பாக்கணுமாம். சீல் வச்சு நாலு வருஷமாச்சு."

"நாலு வருஷமா வந்த மாதிரியெல்லாம்?"

"பாலித்தீன்" என்றார் மிஷின் அம்மா. "பேப்பர் கவர்ல வந்தா பேப்பர்."

அறிக்கையில் இருந்த எங்குமியம் என்பது என்ன என்று சீட்டு தயங்கித் தயங்கிக் கேட்டார். மிஷின் அம்மா பதில் சொல்லாமல் விரலை மேலே நீட்டினார். கூரையில் ஆறு டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது.

"இந்த மிஷினுக்கு இருட்டு வேணும். துளி வெளிச்சத்தத் தேடறோம், இல்லையா? டியூப்லைட் போட்டிருந்தா அதோட வெளிச்சமும் உள்ள புகுந்து கூர்கூரா நாலு கோடு போடும். எதைப் பாத்தாலும் அதே நாலு கோடு. இங்க வெளிப்படைத்தன்மைக்காக விளக்க அணைக்கக்கூடாதுன்னு உத்தரவு. எல்லா மாதிரியிலயும் அந்த நாலு கோடு வர்றதப் பாத்துட்டு, எல்லாப் பொருள்லயும் இருக்கற புதுப் பொருளக் கண்டுபிடிச்சிட்டதா இயக்குநர் அறிவிச்சுட்டாரு. எங்கும் இருக்கறதால எங்குமியம். அதுக்கு அவருக்கு ரெண்டு விருது."

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் சீட்டு பேருந்தில் நின்றுகொண்டே வந்தார். உட்கார இடம் இருந்தது, உட்காரத் தோன்றவில்லை.

*

விதியை விதியால்தான் வெல்லவேண்டும் என்று அவர் முடிவுக்கு வந்தார். நிலையத்தின் விதிப்புத்தகத்தை வாங்கிவந்து ஒன்பது நாள் படித்தார். பதினாலாம் விதி முத்திரையைப் 'பணியாளர்' உடைக்கக்கூடாது என்றுதான் சொன்னது. சொந்தக்காரர் உடைக்கக்கூடாது என்று எங்கும் சொல்லவில்லை. மனு எழுதினார். அதை ஆராய ஏழு பேர் குழு அமைத்தார்கள். மூன்றாவது கூட்டத்தில், சொந்தக்காரர் உடைக்கலாம் என்றும், உடைக்கும்போது பணியாளர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும் என்றும் தீர்ப்பானது.

அன்று இயக்குநரே நேரில் வந்தார். கூடவே பதினோரு பேர் வந்தார்கள். எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க, சீட்டு கவரைக் கிழித்து ஒரு மாத்திரையை எடுத்துத் தட்டில் வைத்தார்.

"வெளிச்சக் கதிரோட வலு எவ்வளவு வச்சிருக்கீங்க?" என்று கேட்டார் இயக்குநர்.

"ஒரு சதவீதம் சார்" என்றார் மிஷின் அம்மா. "அடர்நிறப் பொருள் சார். வெளிச்சத்தக் குடிச்சுச் சூடாயிடும். குறைவா ஆரம்பிச்சு, நேரத்தக் கூட்டிக்கலாம்."

இயக்குநரின் முகம் சுருங்கியது. "ஒரு சதவீதமா? மூணு செய்தித்தாள்ல வந்த வழக்கும்மா இது! சாதாரண வழக்குக்குப் பத்து, முக்கியமான வழக்குக்கு நூறுன்னு சுற்றறிக்கை போட்டிருக்கேனே? குடிமகன் ஒருத்தர் நம்மை நம்பி வந்து நிக்கறாரு. நம்மகிட்ட இருக்கற வலுவை அவருக்கு முழுசாக் குடுக்கவேண்டாமா?"

முழு வலுவும் கொடுக்கப்பட்டது. மாத்திரையிலிருந்து நூல் மாதிரி புகை எழுந்தது. கருகல் வாடை வந்தது. திரையில் கோடு இரண்டு பெரிய திமில்களைக் காட்டி நின்றது.

"சார், எரிஞ்சுபோச்சு" என்றார் மிஷின் அம்மா. "இது கரியோட கோடு."

"கரி!" என்றார் இயக்குநர், பின்னால் நின்ற பதினோரு பேரிடமும் திரும்பி. "பார்த்தீங்களா? பாலித்தீன் கவருக்குள்ள கரியை வச்சு வித்திருக்காங்க. நாம மேலோட்டமாப் பாத்திருந்தா இது தெரிஞ்சிருக்குமா?"

அடுத்த நாள் செய்தித்தாளில் 'பிளாஸ்டிக்கில் பொதிந்த கரி' என்று வந்தது. மகள் போனில் பேசினாள். சண்டை போடவில்லை, அழவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டேன், தலை சுற்றுகிறது, படுத்தே இருக்கிறேன் என்று மட்டும் சொன்னாள். அன்றுதான் சீட்டுக்கு நெஞ்சுக்குள் ஏதோ அறுந்தது.

ஒரு பாலித்தீன் கவரை எடுத்தார். உள்ளே எதையும் போடவில்லை. வாயை ஒட்டினார், நாலு மூலையிலும் அரக்கு வைத்தார், படிவத்தில் 'இரும்புச்சத்து மாத்திரை' என்று எழுதினார். பொய்யாக ஒரு படிவம் நிரப்புவது வாழ்க்கையில் அதுதான் முதல்முறை. கை நடுங்கும் என்று எதிர்பார்த்தார். நடுங்கவில்லை.

நிலையத்துக்கு அனுப்பிய இரண்டு வாரத்தில் அறிக்கை வந்தது. "மாதிரி மாத்திரை போலியானது. முழுவதும் பாலித்தீன். வழக்கம்போல் எங்குமியம் சிறிதளவு உள்ளது." கீழே ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

*

நிலையத்தின் ஆண்டுவிழாவில் பொதுமக்கள் கேள்வி கேட்க ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். அதற்கு முன்னால் இயக்குநர் ஒரு மணி நேரம் பேசினார்.

"அறிவியல் என்றால் சந்தேகப்படுவது என்று சிலர் சொல்கிறார்கள். நான் இந்தப் பொறுப்புக்கு வந்து பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. இந்தப் பதினாறு ஆண்டுகளில் இங்கே ஒருவருக்கும் ஒரு சந்தேகமும் வந்ததில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். சந்தேகம் வந்த ஒருசிலரும் நல்ல இடங்களுக்கு மாற்றலாகிப் போய்விட்டார்கள். கருவி வந்த புதிதில் ஒவ்வொரு மாதிரிக்கும் ஒவ்வொரு முடிவு வந்துகொண்டிருந்தது. எவ்வளவு குழப்பம்! இன்று எல்லா மாதிரிக்கும் ஒரே முடிவு. இந்த ஒழுங்கு தானாக வந்துவிடவில்லை."

கைதட்டல் அடங்கியதும் சீட்டு எழுந்தார். குரல் அவருக்கே கேட்காத அளவுக்குத்தான் வந்தது.

"ஐயா, நான் அனுப்பினது வெறும் கவருங்க. உள்ள ஒண்ணுமே இல்ல. அதுல போலி மாத்திரை இருக்குன்னு ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்க."

அறிக்கை கைமாறி மேடைக்குப் போனது. இயக்குநர் படித்தார். அவ்வளவுதான், நிலையத்தின் கதை முடிந்தது என்று சீட்டு நினைத்தார்.

இயக்குநர் மெதுவாக நிமிர்ந்தார். கண்கள் பனித்திருந்தன.

"மாத்திரையே இல்லாத கவரில்," என்றார், "போலி மாத்திரையைக் கண்டுபிடித்திருக்கிறோம். உலகத்தில் எந்த நிலையத்தின் கருவிக்கு இவ்வளவு நுண்ணுணர்வு இருக்கிறது?"

கூடம் எழுந்து நின்று தட்டியது. பொதுமக்கள் ஒத்துழைப்புக்கான சான்றிதழ் ஒன்றைச் சீட்டின் கையில் திணித்து, புகைப்படம் எடுத்து, பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே அனுப்பிவைத்தார்கள்.

வெளியே நடைபாதையில் மிஷின் அம்மா நின்றிருந்தார்.

"அந்த மாத்திரை கையில இருக்கா?"

மகளின் டப்பாவிலிருந்து எடுத்த ஒன்று சட்டைப்பையில் இருந்தது. ஏன் எடுத்துவந்தோம் என்று சீட்டுக்கே தெரியாது.

"எல்லாரும் இனிமே சாப்பாட்டுக்குப் போவாங்க. நாப்பது நிமிஷம் இருக்கு. வர்றீங்களா?"

"விதி?"

"உங்க பொண்ணுக்கு இப்ப எத்தனாவது மாசம்?"

சீட்டு முன்னால் நடந்தார்.

மிஷின் அம்மா கதவைத் தாழிட்டார். ஆறு விளக்கையும் அணைத்தார். சன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினார். லென்ஸின்மேல் நாலு வருடப் பிசுக்கு இருந்தது. அதைத் தனித்தாளால் ஒரே பக்கமாகத் துடைத்தார். பிறகு கை ஓய்ந்து நின்றார்.

"முதல்ல மிஷின் உண்மை பேசுதான்னு பாக்கணும். அதுக்கு ஒரு சிலிக்கான் சில்லு இருக்கு. அதோட கோடு எந்த இடத்துல வரணும்னு உலகத்துக்கே தெரியும். அங்க வந்தா மிஷின் சரி, நகந்தா தப்பு. அந்தச் சில்லு இயக்குநர் ரூம்ல இருக்கு. அழகா இருக்குன்னு சட்டம் போட்டு மாட்டிட்டாரு."

சீட்டு போனார். இயக்குநர் அறை திறந்துதான் கிடந்தது. சுவரிலிருந்து சட்டத்தைக் கழற்றினார். இரண்டு அடி வைத்தவர் திரும்பி வந்தார். மேஜைமேல் ஒரு தாளை எடுத்து, 'சிலிக்கான் சில்லு ஒன்று, சட்டத்துடன், பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டுவைத்துவிட்டுத்தான் போனார். இருபத்தாறு வருடப் பழக்கம் ஒரே நாளில் போய்விடுமா.

சில்லின் கோடு மூன்று கட்டம் தள்ளி விழுந்தது. மிஷின் அம்மா அதைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்தார். மாத்திரையைப் பிளேடால் இரண்டாக வெட்டினார்.

"மேல்பூச்சோட சாயம் ஒளிரும். அந்த ஒளி உள்ள இருக்கற குரலை அமுக்கிடும். வெட்டின பக்கத்தத்தான் பாக்கணும்." கண்ணாடித் தகட்டைத் தள்ளிவைத்துவிட்டு, தன் சாப்பாட்டுப் பொட்டலத்திலிருந்து அலுமினியத் தாளைக் கிழித்து அதன்மேல் அரை மாத்திரையை வைத்தார். "கண்ணாடியும் தன் பங்குக்கு முனகும். இது வாயே திறக்காது."

பிறகு ஒரு திருப்புளியின் முனையை வைத்து, குமிழில் இருந்த அரக்கை ஒரே நெம்பில் பெயர்த்தார். அந்தச் சத்தம் அவர்கள் இருவருக்கும் இடி மாதிரி கேட்டது. குமிழைத் திருகத் திருக, திரையில் மங்கலாக இருந்தது கூர்மையாகி, மணல்மணலான பரப்புத் தெரிந்தது. கதிரின் வலு ஒரு சதவீதம். ஒவ்வொன்றும் ஒரு நிமிடமாக இருபது தடவை எடுத்துக் கூட்டினார். ஒரே இடத்தை நம்பாமல் அந்த இருபதையும் நாலு இடத்துக்கு ஐந்தைந்தாகப் பிரித்துக்கொண்டார்.

கோடு மெல்ல மெல்ல இரைச்சலிலிருந்து தலை தூக்கியது. மிஷின் அம்மா அலமாரியிலிருந்து சுத்தமான மருந்தின் கோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். மேட்டுக்கு மேடு, பள்ளத்துக்குப் பள்ளம் பொருந்தியது.

"இரும்பு மருந்துதான்" என்றார். "நல்ல மருந்து."

சீட்டு இருட்டிலேயே மகளுக்குப் போன் போட்டார். "சாப்பிடும்மா" என்றார்.

*

மிஷின் அம்மா முறைப்படி எண் போட்டு, கையெழுத்துப் போட்டு அறிக்கையை அனுப்பினார். ஆனால் நிலையம் அதைப் பார்த்து அதிர்ந்துபோனது. உலகத்தில் உள்ள எல்லாப் பொருளிலும் இருக்கும் எங்குமியம் இந்த மாத்திரையில் மட்டும் இல்லை! ஆகவே இது மற்றெல்லா மாத்திரையையும்விடப் போலி என்று துணை இயக்குநர் குறிப்பு எழுதினார்.

விசாரணைக் குழு உட்கார்ந்தது. சீட்டு எழுதிவைத்துவிட்டு வந்த ரசீதே சாட்சி. ஐந்து பேர் துருவித் துருவிக் கேட்டார்கள், மிஷின் அம்மா எதையும் மறைக்கவில்லை. என்ன செய்தார், எந்த வரிசையில் செய்தார், எவ்வளவு நேரம், ஏன் என்று எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். சுருக்கெழுத்தாளர் ஒரு வார்த்தை விடாமல் எடுத்தார். மொத்தம் ஒன்பது தவறுகள் என்று குழு கணக்கிட்டது.

"இப்படிப்பட்ட தவறுகள் இனி எந்தக் கிளையிலும் நடக்கக்கூடாது" என்றார் இயக்குநர். "எது தவறு என்று தெரிந்தால்தானே தவிர்ப்பார்கள்? ஒன்றுவிடாமல், விவரமாக, படத்தோடு அச்சிடுங்கள்."

அச்சிட்டார்கள். 'தடைசெய்யப்பட்ட ஒன்பது தவறுகள்' என்று தலைப்பு. எந்த விளக்கை அணைக்கக்கூடாது, எந்தத் துணியைச் சன்னலில் கட்டக்கூடாது, அடர்நிற மாதிரிக்கு வலுவை எத்தனை சதவீதமாகக் குறைக்கக்கூடாது, குமிழை எந்தப் பக்கம் திருகிப் பரப்பைக் கூர்மையாக்கக்கூடாது, சில்லின் கோட்டை எந்த எண்ணுக்குக் கொண்டுவரக்கூடாது என்று எல்லாம் அதில் இருந்தது. மிஷின் அம்மாவைத் தண்டனையாகத் தபால் பிரிவுக்கு மாற்றினார்கள். அந்தச் சுற்றறிக்கையை உறையில் போட்டு நாற்பத்தோரு கிளைகளுக்கும் அனுப்பும் வேலை அவருடையதுதான். கிளைக்கு ஒன்று என்று உத்தரவு. அவர் பத்துப் பத்தாக வைத்தார்.

சீட்டின் வழக்கோ அந்தரத்தில் தொங்கியது. ஒரே மாத்திரைக்குப் பாலித்தீன், கரி, நல்ல மருந்து என்று மூன்று அறிக்கை. மூன்றுக்கும் சம மரியாதை தரவேண்டும் என்பதால் சராசரி எடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. மூன்றில் ஒரு பங்கு மருந்து என்றால் கடையை மூன்றில் ஒரு பங்கு திறக்கலாமா என்று ஆய்வாளர் எழுத்துமூலம் கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல், புதிதாக மாதிரி எடுத்துத் தூரத்துக் கிளை ஒன்றுக்கு அனுப்பிக் கைகழுவிவிட்டார்கள்.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்த வாரத்தில் முடிவு வந்தது. "இரும்பு மருந்து. தரமானது." எங்குமியத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. கடை திறந்தது. தையற்காரர்தான் முதல் ஆளாக வந்தார், கூச்சத்தோடு, சீட்டுக் காட்டி.

மற்றக் கிளைகளின் அறிக்கையிலும் ஒவ்வொன்றாக எங்குமியம் காணாமல் போகத் தொடங்கியது. இயக்குநர் மூன்று மாதம் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நிலையத்தின் இடைவிடாத முயற்சியால் எங்குமியம் நாட்டைவிட்டே ஒழிக்கப்பட்டதாக அறிவித்தார். அதற்கும் ஒரு விருது கிடைத்தது.

ஒரு மதியம் சீட்டு தன் அறிக்கையின் நகல் வாங்கத் தபால் பிரிவுக்குப் போனார். மிஷின் அம்மா மூலத்தை எடுத்தபோது பின்பக்கத்தில் பென்சிலால் யாரோ எழுதியிருந்தார்கள். முகம் தெரியாத அந்தத் தூரத்துக் கிளைக்காரரின் பொடி எழுத்து.

"ஒன்பது தவறையும் வரிசையாகச் செய்தேன். ஒரே ஒரு சந்தேகம். அலுமினியத் தாளில் பளபளப்பான பக்கத்தில் மாதிரியை வைக்கக்கூடாதா, மங்கலான பக்கத்தில் வைக்கக்கூடாதா?"

மிஷின் அம்மா அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, நிலையத்தின் கெட்டித் தாளில் ஒன்றை உருவி எழுதினார்.

"எந்தப் பக்கமும் வைக்கக்கூடாது. குறிப்பாக, சுருக்கமில்லாமல் விரிக்கக்கூடாது."

உறையில் போட்டு ஒட்டி, மேலே 'அவசரம்' என்று முத்திரை குத்தினார். அதைச் சீட்டே தபால்பெட்டியில் போட்டுவிட்டுப் போனார்.